காற்றை எடுத்துவிட்டால் உணவு பழுதாகாதா?

அண்மையில் ரொறொன்ரோ சென்றிருந்தபோது தங்கை முறையான உறவினர் ஒருவரின் சமையலறையில், சப்பாத்துப் பெட்டியளவு பருமனுள்ள இயந்திரம் ஒன்றைக் கண்டேன். உணவு நிரப்பிய பொலித்தீன் பையின் வாயை அதனுள் வைத்து மூடியை அழுத்தினால், உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பின்னர் பையின் வாயைச் சூட்டினால் ஒட்டிவிடுகின்றது. ஊரிலிருந்து வந்த கறித்தூள், மாசி, நெத்தலிக் கருவாடு, மலிவு விற்பனையில் வாங்கிய ஆட்டிறைச்சி யாவும் இறுகிய பொதிகளாக அடுக்கப்பட்டிருந்தன. உறைகுளிர்ப் பெட்டி நிறைந்துவிட்டமையால், முதல்நாள் சமைத்த இறைச்சிக் கறியின் இரு பொதிகள் மட்டும் அலுமாரித் தட்டில் கிடந்தன. இது பழுதாகாதோ என்று கேட்டேன். “காத்தை எடுத்தாச்சு அண்ணை, இனி என்னெண்டு பழுதாகும்?” என்றார்.

அவர் நம்பியதையே இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பாவின் முன்னணி விஞ்ஞானி ஒருவரும் நம்பினார் என்பதனால், இந்த வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது.

காற்றை வெளியேற்றும் பம்பியை உருவாக்கியவர் ஜேர்மனியின் மக்டபேர்க் நகரத் தலைவராயிருந்த ஓட்டோ வொன் கெரிக்கே. 1650களில் இரண்டு செப்பு அரைக்கோளங்களைப் பொருத்தி, உட்காற்றை அகற்றி, இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கவைத்து மக்களை வியக்கவைத்தவர் அவரே. இதனை அறிந்த இங்கிலாந்தின் றொபேட் பொயில், 1659இல் தமது உதவியாளர் றொபேட் ஹூக்கைக் கொண்டு மேலும் திறமான பம்பியொன்றைச் செய்வித்தார். பின்னர் பொயிலுடன் இணைந்து பணியாற்றிய பிரெஞ்சுக்காரரான டெனி பப்பின், காற்றகற்றிய கலங்களில் பழங்கள் முதலிய உணவுகளை வைத்துப் பரிசோதித்தார். இன்றைய பிறஷர் குக்கரின் மூதாதையான நீராவிக் கலத்தை 1679இல் செய்துகாட்டியவரும் இதே பப்பின்தான்.

இந்த ஹூக்கிற்கும் இலங்கைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறையிருந்து தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலுக்கு முன்னுரை எழுதியவர் ஹூக். வேடர்கள் இறைச்சியைப் பேணும் முறை பற்றி அந்நூலில் ஒரு குறிப்பு வருகின்றது. மரத்தைக் குடைந்து, அதனுள் தேனை ஊற்றி, இறைச்சியை நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்து, பஞ்சகாலத்திற்கென வைத்துவிடுவார்களாம். இலண்டனில் பம்பி கொண்டு செய்ய முயன்றதை, நமது காட்டில் களிமண் கொண்டு செய்திருக்கிறார்கள். ஆனால் அங்கே இறைச்சியைக் காத்ததில் பெரும்பங்கு தேனுக்குரியது. ஈரத்தை இழுத்துக்கொள்ளும் அதன் இயல்பு நுண்ணுயிர்களைப் பெருகவிடாது. களிமண் அடைப்பு இரண்டாந்தரக் காவல் மட்டுமே.

முதற்காவல் எது, இரண்டாங்காவல் எது என்ற இந்தக் குழப்பந்தான் அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. பரிசில் இனிப்புப் பண்டங்கள் செய்து விற்ற நிக்கொலா அப்பேர், உணவைக் கண்ணாடிப் போத்தல்களில் இட்டு, தக்கையால் இறுக அடைத்து, கொதிநீரில் நெடுநேரம் வேகவைத்தால் மாதக் கணக்கில் கெடாதிருப்பதைக் கண்டார். அதற்காகப் பிரெஞ்சு அரசு 1810இல் அவருக்கு 12,000 பிராங் வழங்கியது. ஏன் கெடவில்லை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியாது. பெரும் இரசாயனவியலாளரான கே-லுசாக் அப்போத்தல்களை ஆராய்ந்து, உள்ளே ஒட்சிசன் இல்லாதிருப்பதைக் கண்டு, அதுவே காரணமென முடிவு கட்டினார். என் உறவினரின் முடிவும் அதுவே. போத்தலைக் காத்தது காற்றின்மையன்று, வெப்பம் நுண்ணுயிர்களைக் கொன்றமையே என்பது 1860களில் லூயி பஸ்தேரின் ஆய்வுகளாலேயே துலங்கியது. அதைக் காண அப்பேர் உயிரோடிருக்கவில்லை. அவர் 1841இல் வறுமையில் இறந்து பொதுப் புதைகுழியில் அடக்கம் செய்யப்பட்டார்.

கே-லுசாக்கின் முடிவு தவறாக இருந்ததோடு ஆபத்தானதாகவும் இருந்தது. ஜேர்மனியின் வூர்ட்டம்பேர்க் பகுதியில் தொத்திறைச்சி உண்டவர்கள் பார்வை மங்கி, விழுங்க முடியாமல், மூச்சுத் தசைகள் செயலிழந்து இறந்ததை 1820களில் ஆராய்ந்தவர் யுஸ்தினுஸ் கேர்னர் என்ற வைத்தியர். இவர் கவிஞருமாவார். காற்றுப் புகாத இடத்திலேயே அந்த நஞ்சு உருவாகின்றது என்பதை அவர் கண்டறிந்தார். 1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்செல் கிராமத்தில் மரணச் சடங்கொன்றுக்கு வாத்தியம் வாசிக்க வந்தவர்கள், உப்புநீரில் ஊறவைத்த பன்றித் தொடையிறைச்சியை உண்டு நோயுற்றனர். மூவர் இறந்தனர். அந்த இறைச்சியிலிருந்து எமில் வான் எர்மென்கெம் பிரித்தெடுத்த பற்றீரியாவே இன்று குளொஸ்திரிடியம் பொட்டுலினம் எனப்படுகின்றது. ஒட்சிசன் இதற்கு ஆகாது. அதன் வித்திகள் 100 பாகை கொதிநீரையும் தாங்கி உயிர்பிழைப்பவை. அவற்றை அழிக்க 121 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும், அதற்குப் பப்பினின் அழுத்தக் கலம் வேண்டும். ரின் மீன் தட்டில் ஆண்டுக்கணக்கில் இருப்பது அந்த வெப்பத்தைக் கண்டமையாலேயே.

சாதாரணமாகக் கெட்டுப்போன கறி நாறும், நுரைக்கும், நாமும் கொட்டிவிடுவோம். காற்றை அகற்றும்போது அந்த நாற்றத்தைத் தரும் பற்றீரியாக்களில் பலவற்றை அடக்கிவிடுகின்றோம். பொட்டுலினத்தின் நஞ்சுக்கோ மணமில்லை, சுவையுமில்லை. காவல்நாயைக் கட்டிவைத்துவிட்டுக் கள்வனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதைதான்.

இதைச் சொல்வதால் அந்த இயந்திரத்தை நான் குறைத்து மதிப்பிடுவதாக எண்ணவேண்டாம். பிளாஸ்ரிக்கின் வருகைக்குப் பின்னரே பப்பினின் கனவு வீட்டுச் சமையலறைக்கு எட்டியது. காற்றைத் தடுக்கும் நைலோனும், சூட்டில் ஒட்டும் பொலித்தீனும் படைபடையாகச் சேர்ந்ததே அந்தப் பை. 1974இல் பிரான்சின் ரோவான் நகரிலுள்ள துருவாகுரோ உணவகத்திற்காக, வாத்தின் ஈரலைக் கொழுப்பு உருகி வீணாகாமல் சமைக்கும் வழிதேடிய ஜோர்ஜ் பிரலு, அதைக் காற்றகற்றிய பையிலிட்டு மிதமான சூட்டு நீரில் வேகவைத்தார். இன்று பெரிய உணவகங்கள் பலவற்றில் அம்முறை வழக்கம். வீட்டில் இதன் பெரும்பயன் உறைகுளிர்ப் பெட்டியிலேதான். காற்றுப் பட்டால் உறைந்த இறைச்சி வெளிறி நார் போலாகிவிடும், இறுகிய பையில் அது நேராது. வறுத்து இடித்த கறித்தூளின் வாசமும் போகாது. நன்கு உலர்ந்த பொருட்களில் பொட்டுலினம் வளர ஈரமில்லை; ஆகவே தூளும் மாசியும் தட்டில் இருக்கலாம். அரைகுறையாகக் காய்ந்த கருவாடு அந்தக் கணக்கில் சேராது.

நம்மவர் கவனிக்கவேண்டிய இன்னொன்று உள்ளி. 1985இல் கனடாவின் வன்கூவரில் உணவகமொன்றில், எண்ணெயில் இட்ட நறுக்கிய உள்ளியைக் குளிரில் வைக்காமல் பயன்படுத்தியதால் 36 பேர் பொட்டுலிச நோய்க்கு ஆளாயினர். மண்ணிலுள்ள வித்தி உள்ளியோடு வந்தது, எண்ணெய் காற்றை மறித்தது. இஞ்சி உள்ளி விழுதைக் காற்றகற்றிப் பொதிசெய்து வெளியில் வைப்பதும் இதே காரியந்தான். உறைந்த மீனைக் குளிர்ப்பெட்டியில் உருகவைக்கும்போதுகூடப் பையை முதலில் வெட்டித் திறந்துவிட வேண்டும். மீனோடு வரும் பொட்டுலின வகை, 4 பாகைக் குளிரிலும் மெல்ல வளரக்கூடியது.

இவற்றையெல்லாம் உறவினருக்கு இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. எல்செல் கிராமத்து வாத்தியக்காரர்களின் கதையை மட்டும் சொன்னேன். இரு பொதிகளையும் குப்பைக்குள் போட்டுவிட்டு, நல்ல ஆட்டிறைச்சி என்று இரண்டு நாள் என்னைக் குறைசொன்னார். மூன்றாம் நாள் உறைகுளிர்ப் பெட்டியில் இருந்த கறித்தூள் பொதிகளை எடுத்துத் தட்டில் வைத்து, அந்த இடத்தைக் கறிக்கென ஒதுக்கியிருந்தார்.