கொமேனியசின் படவுலகு: சொல், பொருள், கோடு

மொழி கற்பித்தலில் ஓவியத்தை ஓர் அணியாகவோ துணைக்கருவியாகவோ கொள்வதே பெருவழக்கு. இக்கருத்து மறு ஆய்வுக்குரியது என்பதை 1658இல் நூரம்பெர்க் நகரில் வெளிவந்த ஒரு நூல் உணர்த்துகிறது. மொராவியாவில் பிறந்த யான் ஆமோஸ் கொமேனியஸ் (1592–1670) இயற்றிய ‘ஓர்பிஸ் சென்சுவாலியும் பிக்டுஸ்’, அதாவது ‘புலனுலகம் படங்களில்’ என்பதே அது.

கொமேனியஸ் 1631இல் வெளியிட்ட ‘மொழிகளின் திறந்த வாயில்’ என்னும் நூல் ஏறத்தாழ 8000 இலத்தீன் சொற்களை 1000 வாக்கியங்களில் அமைத்துப் பயிற்றியது. அதனினும் எளியதாய், சிறுவர்க்கென அமைந்தது படநூல். இதில் 150 பாடங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மேலே மரச்செதுக்குப் படம். கீழே இலத்தீனும் ஜெர்மனும். படத்தின் உறுப்புகளுக்கு இட்ட எண்களே உரிய சொற்களின் அருகிலும் இடம்பெறும். சொல்வரிசை மொழிக்கு மொழி மாறினும் எண் மாறாது. சார்ல்ஸ் ஹூல் 1659இல் ஆங்கிலத்தில் பெயர்த்தபோதும், 1666இல் இலத்தீன், ஜெர்மன், இத்தாலியம், பிரெஞ்சு ஆகிய நான்மொழிப் பதிப்பு வந்தபோதும் இவ்வமைப்பே மொழிகளை இணைத்தது.

முன்னுரையில் கொமேனியஸ் கூறுவது சிறப்பாகக் கருதத்தக்கது. சிறுவர் இப்படங்களைத் தம் கையால் வரைய விரும்பின் இசைவளிக்க வேண்டும். விரும்பாவிடின் ஊக்க வேண்டும் என்கிறார். அதனால் பொருள்மீது கவனம் கூர்மையுறும். உறுப்புகளின் அளவொப்புமை புலனாகும். கை விரைவு பெறும். எனவே, வரைதல் அவருக்குக் கலைப்பயிற்சி மட்டுமன்று. அறிதல் முறையும் ஆகும். எருதின் கொம்பை வரைய முற்படும் சிறுவன், அது எங்கே தொடங்கி எவ்வாறு வளைகிறது என வினவியே ஆகவேண்டும். அவ்வினாவே ஆர்வத்தின் தொடக்கம்.

படத்தின் எல்லையையும் அவர் அறிந்திருந்தார். நிறம், சுவை போன்றவற்றை மையால் காட்ட இயலாது. அவற்றை நேரிற் காட்டுக என்றார். ஆயினும் ஆன்மாவைக் குறிக்கும் பாடத்தில் மனித உருவின் வெளிவடிவம் புள்ளிகளால் அமைந்துள்ளது. காணவியலாததைக் காட்ட நேர்ந்த இடத்தில் படைப்பாற்றல் தொழிற்படுவதை இங்குக் காணலாம்.

மொழிபெயர்ப்பாளர் இதனின்று பெறும் எச்சரிக்கையும் உண்டு. படம் எல்லா மொழிக்கும் பொதுவான பொருள் அன்று. எண்ணொன்று முழுப்பொருளைச் சுட்டுகிறதா, அதன் உறுப்பைச் சுட்டுகிறதா என்பதை வாக்கியமே தெளிவிக்கிறது. ரொட்டிச் சூளை அறியாத சமுதாயத்தில் அதன் படமும் மொழிபெயர்ப்பை வேண்டி நிற்கும். ஆகவே, படம் சொல்லுக்கு விடையாவது ஒரு பாதியே. சொல்லைத் தேடத் தூண்டும் வினாவாவது மறுபாதி. படச்சொல்லகராதி தொகுப்போர் முதற்பாதியைப் பெரிதும் போற்றியுள்ளனர். கற்போன் கையில் எழுதுகோலைத் தரும் மறுபாதி இன்னும் உரிய கவனம் பெறவேண்டியதாகவே உள்ளது.