குழிந்திருந்தும் குவிக்கும் வில்லை

'குவிவில்லை' என்னும் சொல்லை நாம் நெடுங்காலமாக ஐயமின்றிக் கற்பித்து வந்துள்ளோம். அது வினைத்தொகை, தன்வினை, பிறவினை வேறுபாட்டைத் தன்னுள் மறைத்துக்கொள்வது. குவிந்த வில்லையா, குவிக்கும் வில்லையா? கண்ணாடி வில்லையில் ஒளி செல்லும்வரை இரண்டும் ஒன்றே. வானொலி அலைகளுக்கு வில்லை அமைத்தோரின் வரலாற்றில் அவை பிரிந்துவிடுகின்றன.

1888இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், ஏறத்தாழ 600 கிலோகிராம் எடையுள்ள கீல் பட்டகத்தைக் கொண்டு, மின்காந்த அலையும் ஒளியைப் போல விலகும் என நிறுவினார். நீண்ட அலைக்குப் பெரிய பட்டகம் வேண்டியிருந்தது. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் அலையைச் சில மில்லிமீட்டர் அளவுக்குக் குறுக்கினார். கருவி மேசைமேல் அடங்கிற்று. அலைபரப்பியின் வாயில் கண்ணாடி வில்லையோ கந்தக வில்லையோ பொருத்தினார். ஒளிக்குரிய விலகல் எண்ணை அவர் கடன் வாங்கவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. ஒளிக்குச் சுமார் 1.5 ஆகிய கண்ணாடியின் விலகல் எண், அவருடைய அலைக்குச் சுமார் 2 ஆயிற்று. அளந்த பின்னரே வில்லையை வகுத்தார்.

பெல் தொலைபேசி ஆய்வகத்தின் வின்ஸ்டன் காக், முன்னர் மின் ஆர்கன் இசைக்கருவி வடிவமைத்தவர், 1946இல் உலோக வில்லை ஆண்டெனாவை விளக்கி எழுதினார். ('அலைவாங்கி' என நாம் எழுதாமைக்குக் காரணம் உண்டு: ஆண்டெனா வாங்குவது மட்டுமன்று, வழங்குவதும்கூட.) திண்மப் பொருளாலான பெரிய வில்லை பெருஞ்சுமையாகும், ஆதலின் அவர் உலோகத் தகடுகளை இணையாக நிறுத்தினார். மின்புலம் தகடுகளுக்கு இணையாக உள்ள அலை அவற்றின் இடையே புகும்போது, அதன் முகடுகள் வெற்றிடத்தில் செல்வதைவிட விரைந்து நகரும். செய்தி ஒளியை முந்திவிடுமோ என மாணவர் வினவுவர். முந்தாது, முகடுகளே முந்தும். எனவே விலகல் எண் 1க்குக் கீழே இறங்குகிறது. ஒரு புள்ளியிலிருந்து விரியும் அலை, வில்லையின் நடுவை முன்னரும் விளிம்பைப் பின்னரும் அடைகிறது. விளிம்பில் தகடுகள் அகன்றிருப்பின், பிந்திய பகுதி அங்கே விரைந்து ஈடுகட்டும். அலைமுகம் தட்டையாக வெளிப்படும். வடிவத்தால் அது குழிந்தது, செயலால் குவிப்பது!

பின்னர் அலையைத் தாமதப்படுத்தும் வேறோர் உலோக வில்லையைக் காக் அமைத்தபோது, வடிவம் மீண்டும் புடைத்தது. 1951இல் அமெரிக்காவின் இரு கரைகளை இணைத்த நுண்ணலைக் கோபுரங்களில் ஏறியது இவ்வகையே.

ஆகவே வடிவுக்குப் 'புடைத்த வில்லை', 'குழிந்த வில்லை' எனவும், செயலுக்குக் 'குவிக்கும் வில்லை', 'விரிக்கும் வில்லை' எனவும் நான்கு சொற்களை நாம் வேறாக வழங்கலாம். தேர்வுத்தாளில் 'குவிவில்லை' தொடரட்டும். கரும்பலகையில் காக்கின் வில்லையை வரையும் நாளில் அச்சொல் போதாது.