உயிரின அளவு வகைகள்: மேசை விளையாட்டிலிருந்து மென்பொருளுக்கு

உயிரின அளவு வகை என்பது, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ஒரு மனிதரோ விலங்கோ பூதமோ எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லும் விதி. பாத்திரத் தாளில் இது ஒரே சொல்லாக நிற்கும்: பூனைக்கு ‘டைனி’, மனிதருக்கு ‘மீடியம்’, யானைக்கு ‘ஹியூஜ்’. ஆனால் அடி விழும் வாய்ப்பு, அடிக்கும் வாய்ப்பு, மல்லுக்கட்டும் வலு, ஒளிந்துகொள்ளும் திறன், தூக்கும் சுமை, கை எட்டும் தூரம், கட்டத்தாளில் பிடிக்கும் இடம் ஆகிய அத்தனையும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. அதனால்தான் பாத்திரத் தாளைத் தானே கணக்கிட்டுத் தரும் மென்பொருள்கள் வந்தபோது, அளவு வகைகளை வரையறுக்கும் அட்டவணை அவற்றின் அடித்தளமான கோப்புகளில் ஒன்றாயிற்று.

மூன்று எழுத்துகளின் காலம்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா ஊரிலிருந்து இயங்கிய டிஎஸ்ஆர் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளின் வழிவந்த ஆட்டம் அது. அடுத்த ஆண்டு வெளியான ‘கிரேஹாக்’ துணைநூல் ஆயுதங்களின் சேதக் கணக்கை இரண்டாகப் பிரித்தது: மனித அளவுள்ள எதிரிக்கு ஒன்று, அதைவிடப் பெரிய எதிரிக்கு வேறொன்று. அளவு என்பது வெறும் வருணனையாக இல்லாமல் பகடையைத் தொடும் விதியாக மாறியது இங்கேதான்.

1977-ல் வந்த ‘மான்ஸ்டர் மேனுவல்’ ஒவ்வோர் உயிரினத்துக்கும் ஓர் அளவு எழுத்தைக் கொடுத்தது. மனிதரைவிடச் சிறியவை எஸ், ஏறக்குறைய மனித அளவுள்ளவை எம், பெரியவை எல். 1978-ல் வெளியான ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ ஆயுத அட்டவணையில் இந்த எழுத்துகள் வேலை செய்தன. நீள்வாள் சிறிய, நடுத்தர எதிரிகள்மீது எட்டுமுகப் பகடை ஒன்றின் அளவுக்குச் சேதம் செய்யும். பெரிய எதிரிமீது பன்னிரண்டுமுகப் பகடை ஒன்றின் அளவுக்குச் செய்யும். இரு கை வாளின் வேறுபாடு இன்னும் அதிகம்: சிறியவர்களுக்கு 1 முதல் 10 வரை, பெரியவர்களுக்கு 3 முதல் 18 வரை.

இந்த ஏற்பாட்டில் ஒரு நெருக்கடி இருந்தது. ஒன்பது அடி உயர ஓகர் பூதமும் எல், யானையும் எல், வானை மறைத்துப் பறக்கும் டிராகனும் எல். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பு பட்டியலை ஆறாக விரித்தது: இரண்டடிக்குள் இருப்பவை டைனி, நான்கடிவரை ஸ்மால், ஏழடிவரை மனித அளவு, பன்னிரண்டடிவரை லார்ஜ், இருபத்தைந்தடிவரை ஹியூஜ், அதற்கு மேல் கர்கான்டுவன்.

ஒன்பது படிகள்

1997-ல் டிஎஸ்ஆரை விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வாங்கியது. ஜொனதன் ட்வீட், மான்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் ஆகியோர் வடிவமைத்த மூன்றாம் பதிப்பு 2000-ல் வெளியானது. 2003-ல் அதன் திருத்தப் பதிப்பான 3.5 வந்தது. அளவு வகைகளின் வரலாற்றில் மிகச் செறிவான காலம் இது. ஃபைன், டிமினியூட்டிவ், டைனி, ஸ்மால், மீடியம், லார்ஜ், ஹியூஜ், கர்கான்டுவன், கொலோசல் என்று ஒன்பது படிகள் வகுக்கப்பட்டன. ஈ முதல் படியில் அடங்கும். டாராஸ்க் என்னும் பேருயிர் கடைசிப் படியில் நிற்கும்.

படிகளுக்கு இடையே ஒரு கணித ஒழுங்கு ஓடுகிறது. மீடியம் நான்கடியிலிருந்து எட்டடிவரை, லார்ஜ் பதினாறு அடிவரை, ஹியூஜ் முப்பத்திரண்டு அடிவரை. ஒவ்வொரு படியிலும் உயரம் இரட்டிக்கிறது. எடையோ ஏறத்தாழ எட்டு மடங்காகிறது: மீடியத்தின் மேல் எல்லை 500 பவுண்ட், லார்ஜுக்கு 2 டன், ஹியூஜுக்கு 16 டன், கர்கான்டுவனுக்கு 125 டன். நீளம் இரட்டித்தால் கன அளவு எட்டு மடங்காகும் என்ற வடிவியல் உண்மைதான் இது. பெரிய விலங்கின் எலும்பு ஏன் விகிதத்துக்கு மீறித் தடித்திருக்க வேண்டும் என்று கலிலியோ 1638-ல் விளக்கியதும் இதே உண்மையைக் கொண்டுதான்.

தாக்குதலுக்கும் தற்காப்புக்குமான திருத்தங்கள் நடுவிலிருந்து இருபுறமும் விரிந்தன. மீடியத்துக்குப் பூச்சியம். சிறியவற்றுக்கு வரிசையாக +1, +2, +4, +8. பெரியவற்றுக்கு −1, −2, −4, −8. இந்த எண் தாக்குதலிலும் தற்காப்பிலும் ஒரே அளவில் சேர்வதால், ஒரே அளவுள்ள இருவர் மோதும்போது ஒன்றையொன்று அடித்துவிடும். இரண்டு பூனைகளின் சண்டை இரண்டு மனிதர்களின் சண்டையைப் போலவே நடக்கும். பூனை மனிதனோடு மோதும்போதுதான் வேறுபாடு தலைகாட்டும்.

மல்லுக்கட்டில் திசை தலைகீழ். அங்கே ஒவ்வொரு படிக்கும் நான்கு புள்ளி. பெரியவற்றுக்குக் கூட்டல், சிறியவற்றுக்குக் கழித்தல். 3.5 பதிப்பின் யானையை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். அதன் அடிப்படைத் தாக்குதல் எண் 8, வலிமை தரும் கூட்டல் 10. கொம்பால் குத்தும்போது ஹியூஜ் அளவுக்கான 2 கழிந்து +16 ஆகிறது. துதிக்கையால் பிடித்து அமுக்கும்போதோ அதே அளவு 8-ஐக் கூட்டி +26 ஆக்குகிறது. பூனைக்கு மல்லுக்கட்டு எண் −12. ஒரே சொல் ஓரிடத்தில் பலவீனமாகவும் இன்னோரிடத்தில் பலமாகவும் இயங்குவதால், இந்த விதியைக் கையால் கணக்கிடுவோர் அடிக்கடி தடுமாறினார்கள்.

மென்பொருளின் வருகை

கணினியின் துணை புதிதல்ல. இரண்டாம் பதிப்பின் விதிநூல்களையும் பாத்திரம் உருவாக்கும் கருவியையும் சேர்த்து ‘கோர் ரூல்ஸ்’ சிடி-ராமை டிஎஸ்ஆர் 1996-லேயே வெளியிட்டிருந்தது. மூன்றாம் பதிப்புக்காக ‘இ-டூல்ஸ்’ என்னும் மென்பொருள் 2002-ல் கடைக்கு வந்தது. ஆனால் உண்மையான திருப்பம் வேறொரு கதவு வழியாக நேர்ந்தது. விதிகளின் சாரத்தைப் பிறரும் பயன்படுத்த இடமளிக்கும் ஓபன் கேம் லைசன்ஸ் 2000-ல் அறிவிக்கப்பட்டதும், பல பதிப்பாளர்கள் தத்தம் உலகங்களையும் உயிரினங்களையும் அச்சிடத் தொடங்கினார்கள். ஒரே விதிநூலை நிரலுக்குள் இறுக்கி எழுதிய மென்பொருளால் இந்தப் பெருக்கத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

அந்தத் தேவைக்குப் பொருத்தமாக அமைந்தது பிசிஜென். ஜாவா மொழியில் எழுதப்பட்ட, மூல நிரல் திறந்துவைக்கப்பட்ட இந்த மென்பொருள் 2000-ஆம் ஆண்டுவாக்கில் தோன்றித் தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்தது. இனங்கள், வகுப்புகள், மந்திரங்கள், ஆயுதங்கள் எல்லாவற்றையும் சாதாரண எழுத்துக் கோப்புகளில் வைத்து, நிரல் அவற்றைப் படித்துக்கொள்ளும்படி செய்தது இதன் சிறப்பு. நிரல் எழுதத் தெரியாதவரும் நோட்பேடில் திறந்து மாற்றலாம்.

அளவு வகைகளுக்கும் அப்படி ஒரு கோப்பு உண்டு. ஒரு வகைக்கு ஒரு வரி. வரிக்குள் டேப் இடைவெளியால் பிரித்த குறிச்சொற்கள். முதலில் வகையின் ஓரெழுத்துப் பெயர், பிறகு திரையில் தெரியும் முழுப் பெயர், அடுத்தடுத்து அந்த அளவு தரும் கூட்டல்களும் கழித்தல்களும். அந்த அளவுக்குச் செய்த கவசமும் ஆயுதமும் எத்தனை மடங்கு எடை, எத்தனை மடங்கு விலை என்பதும் அதே வரியில் எழுதப்படும். மீடியம் வரியில் மட்டும் ‘இதுவே இயல்பான அளவு’ என்று ஓர் அடையாளம் இருக்கும்; மற்ற கணக்குகள் அதைத் தொட்டுத் தொடங்குகின்றன.

இனத்தின் கோப்பில் அளவுக்கான எழுத்து மட்டுமே இருந்தால் போதும். ஹாஃப்லிங் இனத்துக்கு எஸ் என்று எழுதிவிட்டால், தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் ஒவ்வொன்று, ஒளிவதற்கு நான்கு, முக்கால் பங்கு சுமை எல்லாம் தாமாக வந்து சேரும். ஆனால் எல்லாக் கணக்கும் அந்த ஒரே கோப்பில் அடங்குவதில்லை. சுமைக்கான பெருக்கல் எண்கள் சுமைக் கோப்பில் இருக்கின்றன. ஆயுதச் சேதத்துக்குப் பகடை ஏணி ஒன்று தனியாக உண்டு. சூத்திரத்தில் அடங்காத ஏணி அது. எட்டுமுகப் பகடை ஒன்று, ஒரு படி ஏறினால் ஆறுமுகப் பகடை இரண்டாகும், மேலும் ஏறினால் மூன்று, பிறகு நான்கு, அப்புறம் ஆறு. பத்துமுகப் பகடையோ எட்டுமுகப் பகடை இரண்டாக ஏறும். ஆகவே லார்ஜுக்கும் ஹியூஜுக்கும் நடுவே புதிய படி ஒன்றைச் செருக நினைப்பவர் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு எழுந்துவிட முடியாது. வரிசையைச் சரிபார்த்து, சுமைக்கும் சேதத்துக்கும் உரிய இடங்களையும் நிரப்பினால்தான் தாள் சரியாக வரும்.

வளர்ந்துவிட்ட வீரன்

இந்தக் கோப்புகளின் தரத்தைச் சோதிக்க ‘என்லார்ஜ் பர்சன்’ என்ற மந்திரம் ஒன்றே போதும். முதல் நிலை மந்திரம். எதிரே நிற்கும் மனிதனை ஒரு படி பெரிதாக்கும். ஆறடி வீரன் பன்னிரண்டடி ஆகிறான். எடை எட்டு மடங்கு. வலிமை 2 கூடுகிறது, சுறுசுறுப்பு 2 குறைகிறது. தாக்குதலிலும் தற்காப்பிலும் அளவுக்காக ஒன்று கழிகிறது. ஐந்தடிக் கட்டம் ஒன்றில் நின்றவன் பத்தடிக்குப் பத்தடி இடத்தை, அதாவது நான்கு கட்டங்களைப் பிடிக்கிறான். கை எட்டும் தூரம் ஐந்தடியிலிருந்து பத்தடி. அவனோடு சேர்ந்து வளர்ந்த நீள்வாள், எட்டுமுகப் பகடை ஒன்றுக்குப் பதில் ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டுகிறது. மல்லுக்கட்டில் நான்கு கூடுகிறது. ஒளிந்துகொள்வதில் நான்கு குறைகிறது.

இதில் நுட்பமான ஓரிடம் இருக்கிறது. ஒரு விலங்கு இயல்பாகவே மீடியத்திலிருந்து லார்ஜுக்கு வளர்ந்தால், உயிரின முன்னேற்ற விதிப்படி அதன் வலிமை 8 கூடும். உடலுறுதி 4 கூடும். தோலின் இயற்கைக் கவசம் 2 கூடும். மந்திரத்தில் வளர்ந்தவனுக்கு அவ்வளவு கிடையாது. இரண்டு மந்திரங்கள் சேர்ந்து இரண்டு படி ஏற்றவும் விதி இடமளிப்பதில்லை. எனவே படி மாறும்போது தானாக மாற வேண்டியது எது, மாற்றத்தின் காரணத்தைப் பொறுத்தது எது என்று மென்பொருள் பிரித்தறிய வேண்டும். தற்காப்பு, தாக்குதல், இடம், ஆயுதப் பகடை போன்றவை அளவோடு கட்டிய அட்டவணைகளில் இருக்கும். வலிமை, உடலுறுதி மாற்றங்கள் மந்திரத்தின் கோப்பிலோ உயிரினத்தின் கோப்பிலோ இருக்கும். இந்தக் கோடு பிசகாமல் போடப்பட்ட தரவுத் தொகுப்பில்தான் பயனர் ஒரு பெட்டியில் டிக் செய்ததும் முழுத்தாளும் பிழையின்றி மாறும்.

எண்ணால் அளந்தவர்கள்

எல்லா விளையாட்டுகளும் வகைகளை நம்பவில்லை. கேயாசியம் நிறுவனம் 1978-ல் வெளியிட்ட ‘ரூன்குவெஸ்ட்’ உடல் அளவை வலிமை, சுறுசுறுப்பு போன்ற ஒரு பண்பெண்ணாகவே வைத்தது. 1981-ல் அதே நிறுவனத்திலிருந்து வந்த ‘கால் ஆஃப் கதுலு’வில் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, அதனுடன் ஆறைக் கூட்டினால் மனிதரின் அளவு கிடைக்கும். வலிமையையும் அளவையும் சேர்த்துத்தான் அடியின் கூடுதல் சேதம் கணக்கிடப்படும். இங்கே ஒரே இனத்துக்குள் ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும் வேறுபாடு உண்டு. ஒன்பது படி ஏணியில் இருவரும் ஒரே மீடியம்தான்.

ஸ்டீவ் ஜாக்சனின் ‘கர்ப்ஸ்’ நடுவழியில் போயிற்று. அதன் நான்காம் பதிப்பில், உடலின் மிக நீண்ட பக்கத்தைக் கொண்டு அளவுத் திருத்தம் முடிவாகும். இரண்டு கெஜத்துக்குப் பூச்சியம், மூன்றுக்கு +1, ஐந்துக்கு +2, ஏழுக்கு +3, பத்துக்கு +4. ஆறு படி ஏறினால் நீளம் பத்து மடங்கு. மடக்கை அளவுகோலான இதற்கு மேல் எல்லை கிடையாது. உயரத்தைக் கொடுத்தால் மென்பொருளே திருத்தத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

சுருங்கிய பட்டியல்

2009-ல் பைசோ நிறுவனம் வெளியிட்ட ‘பாத்ஃபைண்டர்’ ஒன்பது படிகளை அப்படியே வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுக் கணக்கை எளிதாக்கியது. படிக்கு நான்கு என்ற பழைய ஏற்பாட்டை விட்டுவிட்டு, தாக்குதலில் கழியும் அதே 1, 2, 4, 8-ஐக் குறி மாற்றிக் கூட்டியது. ஒரே எண் வரிசை இரண்டு வேலைகளுக்கும் போதுமானதாயிற்று.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நான்காம் பதிப்பு 2008-லும், ஐந்தாம் பதிப்பு 2014-லும் ஆறு வகைகளுக்குத் திரும்பின. ஐந்தாம் பதிப்பில் தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் அளவுக்கென்று தனித் திருத்தம் இல்லை. அதற்குப் பதில் உயிரினங்களின் உயிர்ப்பகடையை, அதாவது உயிர்ப்புள்ளிகளைக் கணிக்க உருட்டும் பகடையை, அளவு தீர்மானிக்கிறது: டைனிக்கு நான்குமுகம், ஸ்மாலுக்கு ஆறு, மீடியத்துக்கு எட்டு, லார்ஜுக்குப் பத்து, ஹியூஜுக்குப் பன்னிரண்டு, கர்கான்டுவனுக்கு இருபது. 3.5-ல் யானைக்கு எட்டுமுகப் பகடை பதினொன்று. விலங்கு என்ற வகை தந்த பகடை அது. ஐந்தாம் பதிப்பில் பன்னிரண்டுமுகப் பகடை எட்டு. ஹியூஜ் என்ற அளவு தந்த பகடை இது. மீடியத்துக்கு மேல் சுமை ஒவ்வொரு படிக்கும் இரட்டிக்கும், டைனிக்குப் பாதியாகும். தன்னைவிட ஒரு படிக்கு மேல் பெரியவரை மல்லுக்கட்டிப் பிடிக்க முடியாது.

திரையில் கட்டங்கள்

2004-ல் வந்த ‘ஃபேண்டசி கிரவுண்ட்ஸ்’, 2012-ல் வந்த ‘ரோல்20’, 2020-ல் வந்த ‘ஃபவுண்ட்ரி’ ஆகிய மெய்நிகர் மேசைகள் அளவுக்கு இன்னொரு பொறுப்பைக் கொடுத்தன. அளவு வகையைப் பார்த்து, வரைபடத்தில் வைக்கும் வில்லையின் பரப்பையும் தீர்மானிக்க வேண்டும். ஃபவுண்ட்ரிக்கான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்புத் தொகுப்பில் ஆறு அளவுகளும் ஒரே அமைப்புப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கின்றன. டைனிக்கு அரைக் கட்டம், லார்ஜுக்குப் பக்கத்துக்கு இரண்டு, ஹியூஜுக்கு மூன்று, கர்கான்டுவனுக்கு நான்கு. கூடுதல் நிரல்துண்டு எழுதுபவர்கள் அந்தப் பட்டியலையே மாற்றித் தங்கள் உலகத்துக்கு ஏற்ற அளவைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இனம் என்றால் அதற்கு ஓர் அளவு என்ற பழைய அனுமானமும் அண்மையில் தளர்ந்திருக்கிறது. 2022-ல் வெளியான ‘மான்ஸ்டர்ஸ் ஆஃப் தி மல்டிவர்ஸ்’ நூலில் சில இனங்களுக்கு ஸ்மால், மீடியம் இரண்டில் ஒன்றை ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்கலாம். 2024-ன் ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ அந்த உரிமையை மனிதருக்கும் கொடுத்தது. கனமான ஆயுதங்களைக் கையாளச் சிறிய உருவம் தடை என்ற விதியையும் அதே நூல் நீக்கி, வலிமை அல்லது சுறுசுறுப்பு 13 இருக்க வேண்டும் என்று மாற்றியது. இதனால் இனத்தின் வரியில் ஒற்றை எழுத்தாக நிலைத்திருந்த அளவு, பாத்திரத்தை உருவாக்கும்போது பயனரைக் கேட்டு நிரப்ப வேண்டிய கேள்வியாக மாறியது. ஆயுத விதியைச் சரிபார்க்கும் வரிகளும் அளவை விட்டுப் பண்பெண்களைப் பார்க்கும்படி திருத்தப்பட வேண்டியதாயிற்று.