வெள்ளுடைக்குள் ஒரு தொழிலாளி

சென்னையின் மேற்குப் புறநகர் தொழிற்சங்கத்தின் வாசம் அறிந்த நிலம். 1955இல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற இலக்கை அறிவித்தது. அறுபதுகளில் அவ்வூரிலேயே பீரங்கி வண்டித் தொழிற்சாலை எழுந்தது. அதே பத்தாண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் உருவானது. ஆலை வாயில்தோறும் கொடிக்கம்பங்கள் முளைத்தன. ஆனால் பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய மருத்துவமனை வாயில்களில் அப்படியொரு கம்பத்தைக் காண்பது அரிது. கடைசல் இயந்திரத்தில் விரல் நசுங்கியவனுக்குச் சங்கம் இருந்தது. அவன் விரலுக்குக் கட்டுப் போட்டவளுக்கு இல்லை. இந்த முரணுக்கு ஒரு வரலாறு உண்டு.

1860இல் லண்டனில் நைட்டிங்கேல் தொடங்கிய பள்ளி செவிலியத்தை ஒழுங்கும் அர்ப்பணிப்பும் கூடிய பணியாக வார்த்தது. 1871இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பயிற்சி தொடங்கியதாகச் செவிலிய வரலாறுகள் குறிக்கின்றன. ‘சேவை’ என்ற அந்தச் சொல் மரியாதையையும் தந்தது, வாயையும் அடைத்தது. தியாகி கூலி கேட்கலாமோ?

மருத்துவமனை ஒரு ‘தொழிலா’ என்பதிலேயே நீதிமன்றம் தடுமாறியது. 1960இல் ஆம் என்றது. 1970இல் சப்தர்ஜங் மருத்துவமனை வழக்கில் இல்லை என்றது. 1978இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய பெங்களூர்க் குடிநீர் வாரியத் தீர்ப்பில் மீண்டும் ஆம் என்றது. படுக்கையருகே நின்றவள் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியாக இத்தனை காலம் பிடித்தது.

அரசுப் பணியிலிருப்போருக்கு வேறொரு சுவர். 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் தமிழக அரசு ஏறத்தாழ 1,70,000 ஊழியர்களைப் பணிநீக்கியது. ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்றது. பெரும்பாலோர் மன்னிப்புக் கடிதம் எழுதித் திரும்பினர். அதற்குப் பின் சங்கப் பொறுப்பேற்ற எவரும் அந்தக் கடிதத்தின் நிழலில்தான் பேச வேண்டியிருந்தது.

இந்தப் பின்னணியில்தான் 2017 நவம்பரைப் பார்க்க வேண்டும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 2015இல் எடுக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியரின் மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டாண்டில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தபோது, நவம்பர் 27 அன்று பல மாவட்டங்களிலிருந்தும் வந்து தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அமர்ந்தார்கள். மூன்றாம் நாள் உயர் நீதிமன்றம் உடனே பணிக்குத் திரும்பச் சொன்னது; போராட்டம் முடிந்தது. ஊதியம் பின்னர் உயர்ந்தது, நிரந்தரமோ பகுதி பகுதியாகவே வந்தது. கொரோனாக் காலத்தில் சேர்க்கப்பட்ட 2,300க்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31உடன் முடிக்கப்பட்டது. கைதட்டல் ஓய்ந்து வெகுநாள் ஆகியிருந்தது.

தனியார் மருத்துவமனைகளின் நிலையை 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கவனித்தது. அதன் ஆணைப்படி அமைந்த குழு, ஐம்பதுக்கும் குறைந்த படுக்கை கொண்ட இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது எனப் பரிந்துரைத்தது. கேரளத்துச் செவிலியர் 2017இல் போராடி, 2018 ஏப்ரலில் அதையே அடிப்படை ஊதியமாக்கிய அரசாணையைப் பெற்றனர். பரிந்துரை தாளில் கிடக்க, சங்கமே அதற்கு உயிர் கொடுத்தது.

ஆகவே செவிலியர் சங்கப் பிரதிநிதியின் வேலை ஆலைப் பிரதிநிதியின் வேலையன்று. ஆலையில் இயந்திரத்தை நிறுத்தினால் நட்டம் முதலாளிக்கு. இங்கே நிறுத்த வேண்டியது சொட்டு மருந்தை; நட்டம் நோயாளிக்கு. அதனால் அவசரப் பிரிவுக்கு ஆள் ஒதுக்கிய பிறகே ஆர்ப்பாட்டத்திற்கு ஆள் எண்ண வேண்டும். இரவுப் பணி முடித்த கண்களோடு மனு எழுத வேண்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று அஞ்சும் தங்கையிடம் கையொப்பம் கேட்க வேண்டும். அவர் கையிலிருக்கும் பேரம் பேசும் வலிமை, அவர் ஒருபோதும் முழுதாகப் பயன்படுத்த விரும்பாத வலிமை.

அதை எதிர்த்தரப்பும் அறியும். செவிலியரின் மனச்சாட்சியை நம்பித்தான் ஊதியம் இவ்வளவு குறைவாக வைக்கப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.