தீர்ப்புகள் தமிழிலும் எட்டட்டும்

சட்டத்தை அறியாமை மன்னிப்புக்குரிய காரணமாகாது என்பது நீதிமன்றங்கள் கைக்கொள்ளும் கோட்பாடாகும். அவ்வாறாயின் சட்டத்தை அறிந்துகொள்வதற்கான வழிகள் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் அல்லவா? தமிழ் பேசும் மக்களைப் பொறுத்தவரை அவ்வழி பாதியே திறந்துள்ளது.

அரசியலமைப்பின் 23 ஆம் உறுப்புரையின்படி சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் இயற்றப்பட்டு, ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிடப்படல் வேண்டும். பாராளுமன்றத்தினதும் அரசாங்க அச்சகத் திணைக்களத்தினதும் இணையத்தளங்களில் அண்மைக்காலச் சட்டங்களையும் வர்த்தமானிகளையும் கட்டணமின்றிப் பெறலாம். ஆயினும் இரு மொழிப் பிரதிகளுக்கிடையே முரண்பாடு எழுமிடத்து சிங்களப் பிரதியே மேலோங்கும் என்ற வாசகம் சட்டங்களின் இறுதியில் வழமையாக இடம்பெறுவதையும் வாசகர்கள் கவனத்திற் கொள்ள வேண்டும்.

சட்டத்தின் வாசகம் மட்டும் போதுமானதன்று. அதற்கு உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் வழங்கிய விளக்கமே கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துகின்றது. அவ்விளக்கங்களைத் தாங்கிய 'நியூ லோ ரிப்போர்ட்ஸ்', அதனைத் தொடர்ந்து வந்த 'ஸ்ரீலங்கா லோ ரிப்போர்ட்ஸ்' ஆகிய தொகுதிகள் ஆங்கிலத்திலேயே உள்ளன. இரு நீதிமன்றங்களினதும் அண்மைக்காலத் தீர்ப்புகள் இணையத்தில் வெளியாகின்ற போதிலும் அவற்றுட் பெரும்பாலானவையும் ஆங்கிலத்தில் அமைந்தனவே.

இதன் விளைவை நமது தனியார் சட்டங்களில் தெளிவாகக் காணலாம். 1707 இல் ஒல்லாந்தர் தேசவழமையைத் தொகுத்தபோது, அது தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. இன்று தேடிய தேட்டம் எது, முதுசம் எது எனத் தீர்மானிக்கும் தீர்ப்புகளை வட மாகாணத்துக் குடும்பமொன்று தனது மொழியில் வாசிக்க இயலாதுள்ளது. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதி முன்னிலையில் தாபரிப்புக் கோரும் பெண்ணின் நிலையும் இதுவே.

வடக்கு, கிழக்கில் தமிழ் நீதிமன்ற மொழியாக இருந்தும், வழக்கைத் தீர்மானிக்கும் முற்தீர்ப்பு வழக்காளிக்குப் புரியாத மொழியில் இருப்பது அவ்வுரிமையின் பயனைக் குறைக்கின்றது. எல்லாத் தீர்ப்புகளையும் ஒரே நாளில் மொழிபெயர்க்குமாறு நாம் கோரவில்லை. காணி, விவாகம், தாபரிப்பு, அடிப்படை உரிமை ஆகியன தொடர்பான முக்கிய தீர்ப்புகளின் சுருக்கங்களையேனும் நீதி அமைச்சு தமிழில் வெளியிடல் வேண்டும். பொது நூலகங்கள் அவற்றை அச்சிற் பேணுவதுடன், நூலகர்களுக்குச் சட்டத் தேடலில் பயிற்சியும் வழங்கப்படல் வேண்டும்.

தனது வழக்கைத் தீர்த்த காரணத்தைத் தானே வாசித்தறியும் குடிமகனுக்கே நீதிமன்றத்தின் மீது நம்பிக்கை பிறக்கும். அந்நம்பிக்கையை வளர்க்கும் பொறுப்பு அரசையே சாரும்.