தூக்குக்கோலும் காற்றுச் சந்தும்

வீடு கட்டும்போது கொத்தனாரிடம் "இந்த ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி வைங்க" என்று சொல்லாதவர் யார்? சொந்தக் கொட்டகையில் மரத்தால் விமானம் கட்டுகிறவருக்கும் அதே அரிப்பு உண்டு. எஞ்சின் இன்னும் கொஞ்சம் பெரிதாக, இருக்கை இன்னும் கொஞ்சம் அகலமாக, வாலில் சறுக்குக் கட்டைக்குப் பதில் ஒரு சின்னச் சக்கரம். வரைபடத்தில் கைவைக்காமல் கட்டி முடிப்பவர் அபூர்வம். சில விமானங்கள் இதைப் பொறுத்துக்கொள்கின்றன, சில பொறுப்பதில்லை. ஏன் என்பதற்கு ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்த இரண்டு விமானங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செர்ரி குரோவ் என்ற சிற்றூரில் பெர்னார்ட் பீட்டன்போல் 1929-இல் பறக்கவிட்ட ஏர் கேம்பர். ஸ்ப்ரூஸ் மரச் சட்டம், ப்ளைவுட், மேலே துணி. தலைக்கு மேல் ஒற்றை இறக்கை. முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. எஞ்சின் ஃபோர்டு மாடல்-ஏ காரிலிருந்து கழற்றியது. கார் எஞ்சினால் விமானம் ஒழுங்காகப் பறக்காது என்ற எண்ணத்தில் இருந்த 'மாடர்ன் மெக்கானிக்ஸ்' ஆசிரியர் வெஸ்டன் ஃபார்மரிடம் 1930-இல் நேரிலேயே பறந்து போய்க் காட்டினார் பீட்டன்போல். பிறகு அந்தப் பத்திரிகைக் குழுவே வரைபடங்களை வெளியிட்டது. ரேடியேட்டர் மட்டும் விமானியின் கண்ணுக்கு நேரே ஒரு பலகைபோல் நிற்கும். அதை எட்டிப் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

மற்றது பிரான்சில் ஆன்ரி மினியே 1933 செப்டம்பரில் பறக்கவிட்ட எச்.எம்.14. 'ஆகாயப் பேன்' என்று அவர் வைத்த பெயர் ஆங்கிலத்தில் 'பறக்கும் தெள்ளுப்பூச்சி' ஆனது. 1934-இல் வந்த அவரது புத்தகத்தைப் படித்துவிட்டு பிரான்சிலும் பிரிட்டனிலும் எத்தனையோ பேர் ரம்பத்தை எடுத்தார்கள். ஆறு மீட்டர் இறக்கை, 17 குதிரைத்திறன் எஞ்சின். வழக்கமான வால் இறக்கை கிடையாது. அதற்குப் பதில் முன்னொன்று பின்னொன்றாக இரண்டு இறக்கைகள். கால் மிதியும் கிடையாது. கையில் உள்ள ஒரே கோலை இழுத்தால் முன் இறக்கை முழுவதுமே கீலில் மாட்டியதுபோலச் சாய்ந்து நிமிரும்.

இரண்டு பேரும் தாமாகவே கற்றவர்கள். தொழிற்சாலையை நம்பாதவர்கள். மரம் என்ற பொருளும் இருவருக்கும் ஒன்றே. ஆகவே மரத்தைப் பற்றி ஒரு வரி போதும்: ஒட்டுப் போடும்போது சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும், இறக்கை உத்திரத்தில் கண்ட இடத்தில் துளை போடக்கூடாது. இந்த விதிகளில் இரண்டு விமானத்துக்கும் பேதமில்லை.

பேதம் மாற்றத்தில் வருகிறது. ஏர் கேம்பருக்குப் பிற்காலத்தில் பலர் கான்டினென்டல் ஏ-65 எஞ்சினைப் பொருத்தினார்கள். 65 குதிரைத்திறன், பழைய ஃபோர்டைவிடச் சுமார் 30 கிலோ இலகு. லாபம்தானே என்று தோன்றும். ஆனால் மூக்கில் எடை குறைந்ததும் வால் கனக்கிறது. விமானி உட்காருவதோ பின் இருக்கையில். சறுக்குக் கட்டையை எடுத்துவிட்டுச் சக்கரம் போட்டிருந்தால் இன்னும் மோசம். வாலில் கூடும் ஒரு கிலோவை மூக்கில் சரிக்கட்ட மூன்று கிலோவாவது வேண்டும்.

இதற்குக் கட்டுகிறவர்கள் கண்ட வழி, சந்தையில் தூக்குக்கோல் பிடிக்கிறவர் கயிற்றை நகர்த்துகிற அதே வழி. பாரத்தை மாற்ற முடியாவிட்டால் பிடியை மாற்று. உடலுக்கும் இறக்கைக்கும் நடுவே குட்டையாக நான்கு தாங்கு கம்பிகள் நிற்கின்றன. அவற்றைப் பின்னோக்கிச் சாய்த்தால் இறக்கை முழுவதும் பின்னால் போகும். எவ்வளவு? தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் எடை மையத்துக்கு ஒன்றேகால் மீட்டர் முன்னால் இருக்கிறது; அங்கே 30 கிலோ குறைகிறது; பறக்கும் விமானத்தின் மொத்த எடை 450 கிலோ. பெருக்கி வகுத்தால் எட்டுச் சென்டிமீட்டர் சொச்சம், அதாவது மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல். நடைமுறையில் பலர் சாய்ப்பதும் மூன்று, நான்கு அங்குலமே. சக்கரங்களுக்குக் கீழே தராசு வைத்து நிறுத்துப் பார்த்தால் தவறு தரையிலேயே தெரிந்துவிடும். பீட்டன்போலும் தம் வரைபடத்தைக் கல்வெட்டாக நினைக்கவில்லை. 1960-களில் அவரே கோர்வேர் கார் எஞ்சினுக்கு மாறினார்.

தெள்ளுப்பூச்சியில் இதே மூன்று அங்குலம் வேறு விஷயம். அங்கே முன் இறக்கையின் பின்விளிம்பு, பின் இறக்கையின் முன்விளிம்புக்கு மேலே நெருங்கி நிற்கிறது. நடுவில் ஒரு சந்து. கோலை இழுத்தால் முன் இறக்கையின் பின்விளிம்பு தாழும், சந்து குறுகும், அதன் வழியே காற்று விரைந்து பின் இறக்கையைத் தூக்கும். விமானம் திடீரென்று தூக்குவிசை இழந்து விழாமலிருக்க இது உதவும் என்பது மினியேயின் நம்பிக்கை. சாதாரணப் பறப்பில் உதவவும் செய்தது. ஆனால் மூக்கு கீழ்நோக்கிக் கவிழத் தொடங்கியபின் விமானி பயந்து கோலை இழுக்க இழுக்க, பின் இறக்கை மேலும் தூக்கி மூக்கை இன்னும் கீழே அழுத்தியது. மீட்க முயலும் கையே அமிழ்த்துகிறது! உயிர்கள் போயின. 1936-இல் பிரான்சின் ஷாலே-மூதோனிலும் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவிலும் முழு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் நிறுத்திப் பார்த்தபிறகுதான் குற்றம் பிடிபட்டது. பிரிட்டனில் புதிய அனுமதிகள் நின்றன.

கனமான எஞ்சினை மாட்டினார்கள், அளவை மாற்றினார்கள் என்று கட்டியவர்கள் தலையில் பழியைப் போடுவது எளிது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வரைபடத்தை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றியவரின் விமானத்திலும் அந்தக் குணம் இருந்தது. மினியேயும் பிற்கால வடிவங்களில் இறக்கையின் குறுக்குவெட்டை மாற்றினார், இறக்கைகளின் இடைவெளியைத் திருத்தினார்; கோலையும் முன் இறக்கையையும் இணைத்த, இழுக்க மட்டுமே தெரிந்த கம்பி வடத்தின் இடத்தில், தள்ளவும் தெரிந்த உறுதியான தண்டு வந்தது. ஏர் கேம்பரில் மாற்றம் ஒரு விருப்பம். தெள்ளுப்பூச்சியில் அது உயிர்ப்பிச்சை. எந்தக் கொட்டகைத் தராசாலும் காற்றுச் சந்தை நிறுக்க முடியாது என்பதுதான் வினை.

மாற்றம் செய்யப்படாத பழைய தெள்ளுப்பூச்சிகள் இப்போது அருங்காட்சியகக் கூரைகளில் கயிற்றில் தொங்குகின்றன. ஏர் கேம்பர்கள் கோடைதோறும் விஸ்கான்சினில் பிராட்ஹெட் புல்தரையில் கூடுகின்றன. ஒன்றைப்போல் இன்னொன்று இராது. பக்கவாட்டில் நின்று அந்த நான்கு கம்பிகளின் சாய்வைப் பார்த்தால், மூக்கை எட்டிப் பார்க்குமுன்பே எஞ்சின் கனமா இலகுவா என்று பாதி ஊகித்துவிடலாம்.