தாது வருஷப் பஞ்சமும் ஆட்சியின் பொறுப்பும்

மழை பொய்த்து மக்கள் மடியும்போது, அதனைத் தெய்வச் செயல் என்று கூறி அமைவது நம்மிடையே வழக்கமாயிருக்கிறது. மழையின்மை எவ்வாறு மரணமாக மாறுகிறது என்பதைச் சரித்திரத்தின் துணைகொண்டு ஆராய்வோமாயின், அக்கூற்றின் குறைபாடு புலப்படும்.

திட்டக்குடி வெள்ளாற்றங்கரை ஊர். சேலம் பகுதி மலைகளில் பெய்யும் மழையே இவ்வாற்றுக்கு ஆதாரம். ஆற்றுப் பாசனம் எட்டாத நிலங்கள் வானம் பார்த்த பூமி. கம்பும் வரகுமே அங்கு ஏழைகளின் உணவாயிருந்தன. 1876இல் பருவமழை பொய்த்து, தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைப் பற்றியபோது, சேலமும் தென்னார்க்காடும் அதற்குத் தப்பவில்லை.

முதலில் மடிந்தோர் யாவர்? நிலமற்ற கூலியாட்களும் கைத்தறி நெசவாளருமே. விளைச்சல் அற்றதும் வேலை நின்றது. வேலையோடு கூலியும் நின்றது. தானிய விலையோ இரு மடங்குக்கும் மேல் ஏறிற்று. சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் குவிந்து கிடந்தன. தானியம் இருந்தது, அதை வாங்கும் வகை ஏழைகளுக்கு இல்லை.

ஆட்சியின் பங்கை அறிய ஓர் ஒப்பீடு போதுமானது. 1873–74இல் பீகாரில் பஞ்சம் நேர்ந்தபோது, சர் ரிச்சர்டு டெம்பிள் பர்மாவிலிருந்து 4 லட்சம் டன்னுக்கு மேல் அரிசி தருவித்தார். பட்டினிச் சாவு மிகக் குறைவாகவே இருந்தது. ஆயினும் அளவு மீறிச் செலவிட்டார் என்று அவர் கண்டிக்கப்பட்டார். 1877இல் வைசிராய் லிட்டன் பிரபு அவரையே சென்னைக்கு அனுப்பினார். இம்முறை சிக்கனமே அவரது நோக்கமாயிற்று. நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சொற்பக் காசுமே கூலி என விதித்தார். அது உயிர் தாங்கப் போதாதென மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். மாகாண அரசு முன்னதாகத் தானியம் வாங்கியதையும் வைசிராயின் அரசு, தனியார் வாணிபத்தில் தலையிடுதல் என்று கண்டித்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் மாண்டோர் 50 லட்சத்துக்கு மேல் என 1880ஆம் ஆண்டுப் பஞ்சக் கமிஷன் கணக்கிட்டது. வேலையும் கூலியும் இழப்பதாலேயே ஏழைகள் மடிகின்றனர் என்பதையும் அக்கமிஷன் உணர்ந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1981இல், அமர்த்தியா சென் இவ்வுண்மையை விரிவாக நிறுவினார்.

திட்டக்குடிக்கு அருகே வெலிங்டன் ஏரி கட்டி முடிக்கப்பட்டது 1923இல். பஞ்சம் நீங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின்.

ஆதியாகமத்தில் யோசேப்பு பஞ்சத்தைத் தடுக்கவில்லை. வரும் முன்னரே தானியம் சேர்த்து வைத்தான். அத்தானியத்துக்கு ஈடாக எகிப்தியர் தங்கள் நிலத்தையும் சுயாதீனத்தையும் இழந்ததையும் அவ்வாகமம் மறைக்கவில்லை. வறட்சியும் வெள்ளமும் நேரும் நாட்களில் ஜெபத்தோடும் கஞ்சித் தொட்டியோடும் நாம் நின்றுவிடலாகாது. களஞ்சியத்தின் திறவுகோல் யாரிடம் இருந்தது, கூலி ஏன் நின்றது, ஏரி ஏன் காலந்தாழ்ந்தது என்று வினவுவதும் நமது ஊழியத்தைச் சேர்ந்ததே.